இன்னும் 21 கட்டுரைகள் பாக்கி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அதற்காக உடனே மாடிப்படி ஏறி வீரம் காட்டாதே.

இங்கே அமெரிக்காவில் கல்லூரிப் பருவத்தின் நடுப்பகுதி. மேசையில் முதலாமாண்டுப் பிள்ளைகளின் 38 கட்டுரைகள். "தத்துவத்தில் ஏது சரி, தப்பு? அப்படி என்னதான் திருத்துவாய்?" என்று கேட்டிருந்தாய்.

பாதிக் கட்டுரைகள் 'மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள் முதல்' என்றுதான் ஆரம்பிக்கின்றன. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இங்கே படிக்க வந்தபோது எழுதிய முதல் கட்டுரையை நம் பள்ளிக்கூட வழக்கப்படி குறள் போட்டு, முன்னுரையோடு தொடங்கினேன். பேராசிரியர் இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, ஓரத்தில் 'சரி, நீ என்ன சொல்கிறாய்?' என்று எழுதியிருந்தார்.

இந்த முறை தலைப்பு பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட். மனம் வேறு, உடல் வேறு என்று 1641இல் 'தியானங்கள்' நூலில் வாதிட்டவர். 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒன்றைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டாமா, இடத்தையே அடைக்காத மனம் உடலை எப்படி அசைக்கும் என்று கேட்டாள். எடை ஒரு பொருளைத் தொட்டுத் தள்ளாமலே கீழே இழுக்கிறதே என்று அவர் உவமை காட்டிப் பதில் சொன்னார்; அவள் விடவில்லை. என் பிள்ளைகள் எல்லோரும் இளவரசி கட்சி. டெகார்ட்டை இரண்டே வரியில் முட்டாளாக்கிவிடுகிறார்கள். அங்கேதான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். டெகார்ட்டே வந்து படித்தாலும் 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று தலையாட்ட வேண்டும். மறுப்பெல்லாம் அப்புறம்.

உன் அப்பா திண்ணையில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் படிப்பாரே, நினைவிருக்கிறதா? முதலில் பிறர் கொள்கையைச் சொல்லும் பரபக்கம், பிறகுதான் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம். கண்ணால் காணும் உலகமே எல்லாம் என்னும் உலகாயதன் தொடங்கி ஒவ்வொருவர் வாதத்தையும் எடுத்து வைத்துவிட்டுத்தானே அருணந்தி சிவாசாரியார் மறுக்கிறார். நம் பள்ளிக் கட்டுரைக்கு மட்டும் அது ஏன் வந்து சேரவில்லையோ!

பக்கம் போதவில்லை என்றும் புலம்புகிறார்கள். 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற தத்துவவாதி வெளியிட்ட கட்டுரை மூன்றே பக்கம். தக்க காரணத்தோடு நம்புவது உண்மையாகவும் இருந்தால் அது அறிவாகிவிடுமா என்று கேட்டு, இரண்டே எடுத்துக்காட்டில் அந்தக் கொள்கையைக் கவிழ்த்துவிட்டார்.

நேற்று ஒரு பெண், டெகார்ட்டைக் காப்பாற்றக் கடைசிவரை முயன்றுவிட்டு, 'இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்' என்று இடத்தைச் சுட்டி எழுதியிருந்தாள். இதுவரை திருத்தியதில் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண்.

அப்பாவின் சித்தியார் பிரதி இன்னும் இருக்கிறதா? இருந்தால் பரபக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
மணி