ஆர்க்ரைட்: படகு அல்ல, பெட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூற்பாலைகளின் தொடக்கம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயரான ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் குடும்பப் பெயருக்குப் 'படகு கட்டுபவர்' என்று பொருள் தரப்பட்டிருந்தது. 'ஆர்க்' என்றதும் விவிலியத்தில் பெருவெள்ளத்தில் மிதந்த நோவாவின் 'ஆர்க்' நினைவுக்கு வருவதால் நேர்ந்த பிழை இது. திருத்தாமல் விட்டால் அப்பெயருக்குள் பொதிந்திருக்கும் ஒரு தச்சுத் தொழிலின் நினைவும் சேர்ந்து மறைந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

'ஆர்க்' என்பது 'பெட்டி' எனப் பொருள்படும் 'ஆர்க்கா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் நோவா ஏறியதைக் கப்பல் என்னாமல் 'பேழை' என்றே எழுதியதை இங்கே நன்றியுடன் நினைத்துக்கொள்கிறேன். மூலப் பொருளை அவ்வளவு நுட்பமாகக் காத்த சொல் அது. இங்கிலாந்தின் வட பகுதிகளிலோ, மாவும் தானியமும் சேமித்துவைக்கும் பெரிய மரப்பெட்டிக்கு, ஏறத்தாழ நம் பத்தாயம் போன்றதற்கு, 'ஆர்க்' என்று பெயர். ஓக் மரத்தை அறுக்காமல் அதன் நார் ஓடும் வாக்கிலேயே பிளந்து பலகையாக்கி, மர முளைகளால் இணைத்து, கூரையைப் போல இருபுறமும் சரிந்த மூடியுடன் அதைச் செய்தார்கள். 'ரைட்' என்பதற்குச் 'செய்பவர்' என்று பொருள். வண்டி செய்தவர் வெயின்ரைட், சக்கரம் செய்தவர் வீல்ரைட் என்பதைப் போலப் பெட்டி செய்தவர் ஆர்க்ரைட் ஆனார். நாடக ஆசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்ற சொல்லிலும் இருப்பது எழுதுவதைக் குறிக்கும் சொல் அன்று, இதே 'ரைட்'தான்.

தென்பகுதியில் இத்தகைய பெட்டியை 'ஹச்' என்றார்கள். பெட்டிக்கு 'ஆர்க்' என்ற சொல் வழங்கிய வட்டாரங்களில் மட்டுமே இப்பெயர் பிறந்திருக்க முடியும் என்பதால்தான், வட இங்கிலாந்தின் லங்காஷயரில் வேரூன்றிய இப்பெயர் நாடெங்கும் பரவிய ஸ்மித்தைப் போலன்றி அரிதாகவே நின்றுவிட்டது என்று கருதுகிறேன்.

தொழிலைச் சுட்டும் இத்தகைய அடைமொழிகள் இடைக்காலத்தின் பிற்பகுதியில் மெல்ல மெல்லப் பரம்பரைப் பெயர்களாக இறுகின. வழக்குகளைத் தொடங்கும் ஆணைகளில் எதிராளியின் நிலையோ தொழிலோ, அவருடைய ஊரோடு குறிக்கப்பட வேண்டும் என்று 1413இல் ஐந்தாம் ஹென்றியின் ஆட்சியில் சட்டமே வந்தது. பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய தொழிலை உறுதியாக அறிய முடியாத நிலை அப்போதே வந்திருந்தது என்பதையே இது காட்டுகிறது என்பது என் எண்ணம்.

ரிச்சர்டின் குடும்பமே இதற்குச் சான்று. அவர் 1732இல் பிரஸ்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை தையற்காரர். ரிச்சர்டோ முடிதிருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் பிழைத்தவர். 1769இல் அவர் காப்புரிமை பெற்ற நூற்பு இயந்திரத்தை உருவாக்கத் துணைநின்ற ஜான் கே கடிகாரம் செய்பவர். ஆகவே பெயரைக் கொண்டு ரிச்சர்டைத் தச்சர் மரபினராகக் காட்டும் வரியையும், பொருள் விளக்கத்தோடு சேர்த்து அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை