ஞாயிறு ஏர்பிரஷ் பயிற்சி: நேர மாற்றம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு (நவம்பர் 16) இலாசுப்பேட்டையில் நாம் வழக்கமாகக் கூடும் மாடியில் நடைபெறும், பிளாஸ்டிக் மாடல்களுக்கு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) கொண்டு லாக்கர் பெயிண்ட் (கரைப்பான் கலந்த, விரைவில் உலரும் பெயிண்ட்) அடிக்கும் பயிற்சி, காலை 7 மணிக்குப் பதிலாக 11 மணிக்குத் தொடங்கும். பருவமழைக் காலத்தில் புதுச்சேரியின் காலைக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், தின்னர் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, பளபளக்க வேண்டிய கறுப்பு வெளுத்துப் பூத்துவிடுகிறது. மழை பெய்தால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் கூடுவோம்.

1. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி கட்டாயம். துணி முகக்கவசமும் என்95-உம் துகள்களை மட்டுமே தடுக்கும் என்பதால், அவற்றை அணிந்து வருபவர்களை, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் உட்பட, அருகில் அனுமதிக்க இயலாது.

2. மாடல் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்திக் கொண்டு வரவும்.

3. டாமியா எல்பி, மிஸ்டர் கலர் ஆகிய லாக்கர் பெயிண்டுகளுக்கு உரிய தின்னரையே கொண்டு வரவும். ஹார்டுவேர் கடைத் தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடும். ரிடார்டர் (உலர்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னர் இக்காலத்துக்கு மிகவும் ஏற்றது. மெதுவாக உலர்வதால் பூச்சு சமமாகப் பரவும். ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர், 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்ற அளவில் தொடங்குவோம்.

4. மாடியில் சிகரெட், கொசுவர்த்தி எதுவும் கூடாது.

வருபவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிலளிக்கவும். முகமூடி இல்லாதவர்கள் அதையும் குறிப்பிட்டால், சேர்த்து வாங்க ஏற்பாடு செய்கிறோம்.