பெடிகிரி வேறு, பதிவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் முயல் வளர்ப்பு பற்றிப் போன ஞாயிறு நீங்கள் போட்ட கட்டுரையை இங்கே ஒஹாயோவில் இருந்து படித்தேன். அமெரிக்காவில் பெடிகிரி தாள், அதாவது முயலின் முன்னோர் விவரம் எழுதிய வம்சத் தாள், இருந்தாலே அது பதிவு செய்த முயல்தான் என்று அதில் வருகிறது. அது தவறு. அதே தவறை நம்பித்தான் நாங்களும் ஒரு முயலை வாங்கினோம், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் ஃபோர்-எச் என்ற பிள்ளைகள் கிளப்பில் இருக்கிறாள். அவளுக்காக ஹாலண்ட் லாப் என்ற, காது தொங்கும் சின்ன முயல் இனத்தில் கறுப்புப் பெட்டை ஒன்று வாங்கினோம். தாய் தகப்பனில் தொடங்கி மூன்று தலைமுறை, மொத்தம் 14 முன்னோர், ஒவ்வொன்றின் நிறம், எடை, காது எண் எல்லாம் தாளில் இருந்தது. அந்தத் தாளைக் கோப்பில் போட்டு வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்தோம். ஆனால் அது விற்றவர் எழுதித் தருகிற வம்சக் கணக்கு மட்டும்தான்.

பதிவு என்பது அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் உரிமம் பெற்ற ரிஜிஸ்ட்ரார் முயலைக் கையில் எடுத்துப் பார்த்துச் செய்வது. உரிமையாளர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், முயலுக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், இடது காதில் பச்சை குத்திய எண் இருக்க வேண்டும், அப்புறம் எடை. ஹாலண்ட் லாப் 4 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் வலது காதில் பதிவு முத்திரை குத்துவார்கள்.

எங்கள் முயலைப் பார்த்த ரிஜிஸ்ட்ரார் அம்மா அதை மல்லாக்கப் படுக்க வைத்துப் பல்லைப் பார்த்தார், எடை போட்டார், அதுவரை சரி. முன்னங்காலின் முடியைக் கட்டைவிரலால் ஒதுக்கினார், உள்ளே ஒரே ஒரு நகம் வெள்ளை. முழுக் கறுப்பு முயலுக்கு வெள்ளை நகம் இருந்தால் பதிவும் கிடையாது, முயல் போட்டி ஷோவிலும் தள்ளிவிடுவார்கள். மகள் அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவர் தந்த தாள் உண்மையானதுதான். பணம் கொடுக்கும் முன் பதினெட்டு நகத்தையும் நாங்கள்தான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண ஷோவில் நிறுத்தப் பதிவு கட்டாயமில்லை, காது எண் போதும். ஆனால் கிராண்ட் சாம்பியன் சான்றிதழ் வேண்டுமென்றால் எத்தனை முறை ஜெயித்தாலும் முதலில் பதிவு வேண்டும். பெற்றோர் பதிவாகாவிட்டாலும் குட்டியைப் பதிவு செய்யலாம், வம்சத் தாள் முழுமையாக இருந்து குட்டியிடம் குறை இல்லாமல் இருந்தால் சரி. இதைக் கட்டுரையில் திருத்தமாகப் போட்டால் இங்கே பிள்ளைகளுக்கு முயல் வாங்கப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

அந்த வெள்ளை நகக்காரி எங்களோடுதான் இருக்கிறாள். அவளை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொலம்பஸ், ஒஹாயோ