கறிக்கோழி வளர்க்க நினைக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். நீயும் உன் மனைவியும் மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டதையும், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதையும் படித்து எங்கள் வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். இங்கே தாராபுரத்தில் முருங்கைக்கு இந்த ஆண்டு விலை கிடைக்கவில்லை. வீட்டுச் செலவைக் கோழிகள்தான் தாங்குகின்றன. அதனால் கொல்லையில் நூறு கறிக்கோழி வளர்க்கலாமா என்ற உன் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பிராய்லரா, நாட்டுக்கோழியா என்று கேட்டிருந்தாய். சுமார் 40 கிராம் எடையுள்ள பிராய்லர் குஞ்சு ஆறு வாரத்துக்குள் 2 கிலோவைத் தொட்டுவிடும். அதுவரை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தீவனம் தின்னும். இந்த வேகத்துக்கு வேறெந்தக் கோழியும் ஈடாகாது. ஆனால் பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் நாள்தோறும் நிர்ணயிக்கிறார்கள். அந்த விலையில் விற்றுக் கட்டுப்படியாக வேண்டுமானால் குஞ்சும் தீவனமும் மொத்த விலைக்குக் கிடைக்க வேண்டும். கடையில் மூட்டை கணக்கில் தீவனம் வாங்கும் உனக்கு அது ஒத்துவராது. அந்த இனத்தின் இதயமும் கால்களும் உடல் வளரும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை என்பதால், கோடை வெயிலில், விற்கும் பருவத்துக்கு வந்த கோழிகளே கொத்தாக மடிந்துவிடும். சிறுவிடை அல்லது பெருவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி, நான்கு மாதம் வளர்த்து, ஊருக்குள்ளேயே உயிர் எடைக்கு விற்பதுதான் உனக்கு ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். "நாட்டுக்கோழிதானே, மேய்ந்து வளர்ந்துகொள்ளும்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதே. நம் பாட்டிமார் காலத்தில் அது உண்மைதான். வீட்டுக்கு ஐந்தாறு பெட்டைகள் இருந்தன. களத்தில் சிந்திய நெல்லும் குப்பைமேட்டுப் புழுவும் அவற்றுக்குப் போதுமாக இருந்தன. குஞ்சுகளைத் தாய்க்கோழி கிளறிக் கிளறி ஊட்டியது. தாயில்லாமல், பொரிப்பகத்திலிருந்து அட்டைப்பெட்டியில் வரும் நூறு குஞ்சுகளுக்கு உன் கொல்லையில் அத்தனை புழு இருக்காது. முதல் எட்டு வாரங்களில் புரதம் குறைந்த குஞ்சு, பிறகு எவ்வளவு தின்றாலும் அந்தக் குறையை முழுவதும் ஈடுகட்டாது. நான்கு மாதத்தில் விற்க வேண்டியதை ஆறு மாதம் வைத்துத் தீனி போட வேண்டியிருக்கும். மொத்தச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போவதால் அதைக் குறைக்க நீ நினைப்பது இயல்புதான். அந்தச் சிக்கனத்தை எட்டு வாரம் கழித்துத் தொடங்கு. அதற்கு முன் வேண்டாம்.

நான் அரைத்து வைக்கும் குஞ்சுத் தீவனத்தில் நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 50, கம்பு 10, சோயாப் புண்ணாக்கு 28, கருவாட்டுத்தூள் 5, தவிடு நாலரை, வைட்டமின் கலந்த தாது உப்புக் கலவை இரண்டரைக் கிலோ சேர்கின்றன. புரதம் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடக் கூடாது. உப்பு மிகுந்தால் குஞ்சுகள் தண்ணீராகக் கழிந்து, தரை முழுவதும் ஈரமாகிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று கடலைப் புண்ணாக்கை அள்ளிப் போடாதே. அதில் பூஞ்சை நஞ்சு எளிதில் சேரும், அது குஞ்சின் ஈரலைத்தான் முதலில் தாக்கும். உங்கள் டெல்டா ஈரக்காற்றில் மக்காச்சோளமும் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நன்றாகக் காய்ந்ததை வாங்கி, மூட்டைகளைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கு. அண்டை வீட்டில் இருக்கிறதென்று முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போட்டுவிடாதே. அதிலுள்ள அளவுக்கு மிஞ்சிய சுண்ணாம்புச் சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

எட்டு வாரத்துக்குப் பிறகு உன் ஊரே உனக்குத் துணை. அரிசிக் குருணைக்கும் தவிட்டுக்கும் அங்கே பஞ்சமில்லை. காலையிலும் மாலையிலும் தீவனம் வைத்துவிட்டு இடைப்பட்ட நேரத்தில் மேய விடு. முருங்கைக்கீரையும், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாப் பாசியும் கூடுதலாகக் கொடு. இங்கே நாங்கள் கறையானும் பிடிக்கிறோம். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்போம். விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பானையைத் தூக்கினால் சாக்கு முழுவதும் வெள்ளையாக நெளியும். அதை உதறுவதற்குள் குஞ்சுகள் காலைச் சுற்றிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; ஐந்து நிமிடத்தில் தரை துடைத்ததுபோல் ஆகிவிடும். இதைவிட நல்ல புரதம் காசுக்கும் கிடைக்காது. ஆனால் இது கூடுதல் தீனிதானே தவிர, தீவனத்துக்கு மாற்றாகாது.

குஞ்சு வந்த முதல் வாரம் உறக்கத்தை மறந்துவிடு. தகரத் தட்டியை மூலையில்லாமல் வட்டமாக நிறுத்தி, இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பி, அதன்மேல் தாள் விரித்து, விளக்கை முன்கூட்டியே எரியவிடு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொள்ளலாம். வெப்பமானியை விடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு மிகுதி. பரவலாகப் படுத்தும் தின்றும் திரிந்தால் சரி. குஞ்சு வந்த அன்றிரவே சிலவற்றைக் கையிலெடுத்துக் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பார். மெத்தென்று நிறைந்திருந்தால் தீனியும் தண்ணீரும் தின்றிருக்கிறது. காலியாக இருந்தால் அதன் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். உமியை நாள்தோறும் கிளறிவிட மறக்காதே. அது ஈரமாகவே கிடந்தால் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு இரத்தக் கழிச்சல் வரும்.

தடுப்பூசியில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. முதல் வாரக் கடைசியில் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, இரண்டாம் வாரம் கம்போரோ என்னும் வைரஸ் நோய்க்கு, நான்காம் வாரம் மீண்டும் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா மருந்து, எட்டாம் வாரம் அதற்கே இறக்கையடியில் ஊசி என்று வரிசையாகப் போட்டுவிடு. மருந்தை ஐஸ் வைத்த குடுவையில்தான் கொண்டுவர வேண்டும். நோய் வந்தால் கால்நடை மருத்துவரைக் கேள்; தீவனக் கடைக்காரர் நீட்டும் ஆன்டிபயாடிக் பொட்டலத்தை வாங்காதே. மனிதருக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக்கூடக் கோழிக்குக் கொடுத்துவந்தார்கள். 2019இல்தான் அரசு அதைத் தடை செய்தது. நம் பேரப்பிள்ளைகளும் அந்தக் கறியைத்தான் தின்னப்போகிறார்கள்.

விற்பனையைப் பஞ்சாங்கம் பார்த்தே திட்டமிடு. பங்குனியில் விட்ட குஞ்சு ஆடிக் கொடைகளுக்கு விலை போகும். ஆனியில் விட்டது தீபாவளிக்கு ஆகும். வைகாசியில் விட்டால் சரியாகப் புரட்டாசியில் எடைக்கு வந்து நிற்கும். வாங்க ஆளிருக்காது, தீனிச் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நீ ஆனி முதல் வாரத்துக்குப் பதிவு செய்வதே நல்லது. முதல் முறை நூறு வேண்டாம், ஐம்பதோடு தொடங்கு. முன்பணம் கட்டுவதற்கு முன், நீ வாங்கப்போகும் பொரிப்பகத்துக் குஞ்சுகளுக்கு மேரக்ஸ் என்னும் வாத நோய்க்கான தடுப்பூசி போட்டுத்தான் தருகிறார்களா என்று விசாரித்து எனக்கு எழுது. இல்லையென்றால் இங்கிருந்தே நல்ல குஞ்சுகளை இரவுப் பேருந்தில் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்