மருந்துக் கடைத் தங்கச்சிக்கு நன்றி

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் கணவர் பல மாதங்களாக டிராமடால் என்ற வலி மாத்திரை சாப்பிட்டு வந்தார். திடீரென்று ஒருநாள் "இனி வேண்டாம்" என்று தானாகவே நிறுத்திவிட்டார். வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு. இரவெல்லாம் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் தவித்தார்.

சிங்கப்பூரில் செங்காங்கில் உள்ள உங்கள் கடைக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கத்தான் வந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு அக்கா?" என்று ஓரமாக அழைத்துப் போனீர்கள். எல்லாம் கேட்டும் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன். "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்" என்றீர்கள்.

அப்புறம் நீங்களே கிளினிக்குக்குப் போன் செய்து, அன்று மாலையே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தீர்கள். மாத்திரைகளை நானே வைத்திருந்து அன்றன்றைய அளவை மட்டும் கொடுக்க வேண்டும். சில நாள் விட்டபின் பழைய அளவை எடுத்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. வலிப்பு வந்தாலோ மூச்சு மந்தமானாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995 அழைக்க வேண்டும். என் மாமியாரும் படிக்கட்டும் என்று இதையெல்லாம் தமிழில் எழுதித் தந்தீர்கள். யார் இவ்வளவு செய்வார்கள்!

டாக்டர் மேற்பார்வையில் மெல்லக் குறைத்து, இப்போது அவர் அந்த மாத்திரை இல்லாமலே தூங்குகிறார். நன்றி சொல்ல வந்தபோது நீங்கள் வேறு கிளைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். இது உங்கள் கண்ணில் பட வேண்டும், தங்கச்சி. எங்கள் குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.