கொக்கின் மூக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, குற்ற உணர்ச்சிதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் வெல்டிங் கற்றுக்கொண்டேன் அல்லவா, இப்போது பழைய இரும்பில் பறவையும் மிருகமும் செய்துகொண்டிருக்கிறேன். "எல்லோரும் பழைய இரும்பை வெளியே போடுவார்கள், இவர் உள்ளே கொண்டு வருகிறார்" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை.

இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் ஓவியர் பிக்காசோ. 1942இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து வைத்தார், காளைத் தலை வந்துவிட்டது. சீட் முகம், ஹேண்டில்பார் கொம்பு. சாமான் மொத்தம் இரண்டே இரண்டு! 1951இல் குட்டியை ஏந்திய குரங்கு ஒன்று செய்தார். அதன் முகம் அவர் மகனின் இரண்டு பொம்மைக் கார்கள். ஒன்று நேராக, இன்னொன்று அதன் அடியில் கவிழ்த்து. மேல் காரின் முன்கண்ணாடிதான் கண், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வாய். படத்தில் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. காரும் தெரிய வேண்டும், குரங்கும் தெரிய வேண்டும். எனக்கு அதுதான் ருசி.

நான் முதலில் செய்த நாயில் அந்த ருசி இல்லை. நட்டும் போல்ட்டுமாக அள்ளி ஒட்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். ஒரு நட்டுக்குப் பதில் வேறெதை வைத்திருந்தாலும் அதே நாய்தான்.

அடுத்தது ஆமை. ஓட்டுக்காக ஒரு ஜிஐ வாளியைக் கவிழ்த்து, கதவை மூடிக்கொண்டு வெல்டிங் வைத்தேன். வெள்ளையாகப் புகை கிளம்பியது. ராத்திரி குளிர்க்காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, மறுநாள் ஒன்றுமே இல்லை. வாளியின் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகிவிடுமாம். அதை இழுத்தால் இப்படித்தான் காய்ச்சல் வரும். இப்போதெல்லாம் கிரைண்டரால் பூச்சைச் சுரண்டி எடுத்தபிறகுதான், அதுவும் வெட்டவெளியில்தான் வேலை.

அப்புறம் கொக்கு. கழுத்துக்கு சைக்கிள் செயின். கையில் எடுத்தால் துவளும், அதனால் வளைத்துப் பிடித்து ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தேன். கிரீஸைத் துடைக்காமல் ஆரம்பித்து வீடு முழுக்க நாற்றம், அது தனிக் கதை. கால்களுக்குக் கட்டடக் கம்பி. பறவைக்குப் பின்பக்கமாக மடிகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். அந்த இடத்தில் பெரிய நட்டு ஒன்று. இறகுக்குக் காம்பு வெட்டிய எவர்சில்வர் ஸ்பூன்கள். நிற்க வைத்ததும் முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. பாதத்தில் கனமான பற்சக்கரம் வைத்தபிறகுதான் நின்றது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூக்குக்கு என்னென்னவோ வைத்துப் பார்த்தேன்: திருப்புளி, கத்தரிக்கோல், உளி. எதுவும் பொருந்தவில்லை. அப்போதுதான் பெட்டிக்கு அடியில் நீ எப்போதோ இரவல் கொடுத்த நோஸ் பிளேயர், அதுதான் அந்த நீள மூக்குக் குறடு, கிடைத்தது. பிடி இரண்டையும் அறுத்து வைத்தேன். நீளமான அலகு, சொருகி வைத்தது போல உட்கார்ந்தது. இரண்டு தாடையையும் பிணைக்கிற ரிவிட் இருக்கிறதே, அது சரியாகக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. அதற்கு மட்டும் எண்ணெய் விட்டிருக்கிறேன். அலகு இன்னும் திறந்து மூடும்.

பிளேயர் உனக்கு அவசரமாகத் தேவைப்பட்டால் எழுது. கொக்கோடுதான் கொண்டு வர முடியும்.

உன்
பழைய கடன்காரன்