ஆடி மாதத்தைத் தேடி எடுத்துத் தந்தவருக்கு

பிரித்தானியாவில் புகலிடம் கேட்டு மறுக்கப்பட்ட தம்பியைத் திருப்பி அனுப்பும் விமானத்தில் ஏற்றவில்லை. நேற்று இரவு பிணையில் வெளியே வந்து லண்டனில் சித்தப்பா வீட்டில் சோறு சாப்பிட்டான். தொலைபேசியில் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அவன் சாப்பிடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். நடந்தவை உங்களுக்குத் தெரியும். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில், திருகோணமலை நீதிமன்றத்துக்கு அருகே சிறிய அறையில் இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கு. 2008இல் தம்பியைக் கொண்டுபோனது பற்றி அம்மா மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டை ஆங்கிலத்தில் ஆக்கவே போனேன். ஒரு பக்க வேலை. செய்து தந்துவிட்டுக் காசை வாங்கியிருக்கலாம். அவரோ, "பிள்ளை, புகலிடம் மறுத்த கடிதத்தையும் காட்டுங்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் சரியான சொல்லைப் போடலாம்" என்றார்.

வாசித்தார். தம்பி தன்னை ஜூலையில் பிடித்ததாகச் சொன்னான், பற்றுச்சீட்டிலோ ஓகஸ்ட் 9, பெற்ற தாய் அவ்வளவு நாள் பேசாமல் இருந்திருப்பாரா, ஆகவே நம்ப முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, தம்பி ஜூலை என்றா சொன்னார், ஆடி என்றா?"

எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஆடி என்றுதான் சொல்லியிருக்கிறான். அப்பாவுக்காக ஆடி அமாவாசை விரதமிருந்து, கடலில் தீர்த்தமாடிய ஒரு கிழமையில் அவனைக் கொண்டுபோனார்கள். அந்த நாள் அவன் மனதில் அப்படித்தான் கிடக்கிறது. நேர்காணலில் மொழிபெயர்த்தவர் ஆடியை ஜூலை ஆக்கிவிட்டார். ஆடியோ ஜூலை நடுவில் பிறந்து ஓகஸ்ட் நடுவில் முடிகிற மாதம். ஐயா வீட்டிலிருந்து 2008ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து வந்தார். அந்த ஆண்டு ஆடி அமாவாசை ஓகஸ்ட் 1. அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்து, தமிழ் மாதம் எப்படிப் பிறக்கிறது என்று அரைப்பக்கக் குறிப்பும் எழுதி முத்திரை குத்தினார். பற்றுச்சீட்டுக்கு மட்டும் காசு வாங்கினார்.

சட்டத்தரணி நேர்காணலின் ஒலிப்பதிவை எடுத்து, "ஆடி" என்று தம்பி சொல்லும் இடத்தைக் குறித்து, பஞ்சாங்கப் பக்கத்தோடு புதிய கோரிக்கையாகக் கொடுத்தார். பிரித்தானியக் குடிவரவு விதிகளின் 353ஆம் பந்தி சும்மா மன்றாடுவதை ஏற்காது. முன்பு பார்த்ததிலிருந்து கணிசமாக வேறுபட்ட சான்று வேண்டும். பழையவற்றோடு சேர்த்துப் பார்த்தால் வெல்வதற்கு மெய்யான வாய்ப்பும் தெரிய வேண்டும். இரண்டும் இருந்தன. இப்போது அவனுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை கிடைத்திருக்கிறது.

இரவிரவாக விழித்திருந்த அந்தச் சட்டத்தரணிக்கும், சித்திரவதைக் காயங்களைப் பதிவு செய்வதற்கான இஸ்தான்புல் நெறிமுறைப்படி தழும்புகளைப் பார்த்து அறிக்கை எழுதிய வைத்தியருக்கும், பிணைக்குக் கையெழுத்திட்டவர்களுக்கும், உப்புவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் கடிதம் தந்தவர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத அயலவர்களுக்கும் எங்கள் நன்றி.

நான் ஒன்று செய்யப்போகிறேன். பிள்ளைகளின் வழக்குக்காக அலையும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரலாம். நடந்ததை முதலில் தமிழில் எழுதுவோம். தமிழ் மாதம் வரும் இடமெல்லாம் பஞ்சாங்கம் பார்த்து ஆங்கிலத் திகதியையும் பக்கத்தில் எழுதுவோம். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவோம்.

ஐயா, உங்கள் பஞ்சாங்கம் எங்களிடம்தான் இருக்கிறது. விசாரணையில் மூலப்பிரதியைக் கேட்கக்கூடும் என்கிறார்கள். அதுவரை அம்மா அதைச் சாமியறையில் வைத்திருக்கிறார். முடிந்ததும் நானே கொண்டுவந்து தருவேன்.